திருகோணமலையில் ஐந்து மணி நேரம்

சிந்தாமணிக்குக் கல்யாணம் ஆனபோது வயது நாற்பத்தைந்து. மாப்பிள்ளை அரங்கநாதனுக்கு ஐம்பத்து மூன்று.

ஜெயங்கொண்டத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் அவள் பத்திரம் எழுதும் கடை வைத்திருந்தாள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் இரண்டும் சூம்பிப்போயிருந்தன. சின்ன வயதிலிருந்து கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியை ஓட்டி, பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளி, அவள் கைகள் மட்டும் மரம் அறுக்கிறவன் கை மாதிரி ஆகியிருந்தன. அரங்கநாதன் அரசு பஸ் டிரைவர். அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நாளுக்கு எட்டு நடை ஓட்டுவார். முதல் மனைவி தவறிப் பத்து வருஷம் தனியாக இருந்தார்.

ஒரு மனை விற்பதற்குப் பத்திரம் எழுத அவள் கடைக்கு வந்தார். அதில் பிழை இருக்கிறது என்று மறுநாள் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பிழை எதுவும் இல்லை. நான்காம் நாள் சிந்தாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று நேராகவே கேட்டாள். பத்தொன்பது வருஷமாக உங்கள் கடை வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறேன், ஒரு நாள்கூட நீங்கள் ஏறியதில்லையே என்றார் அவர். பஸ்ஸுக்கு மூன்று படி இருக்கிறது என்றாள் அவள்.  அந்த மாசக் கடைசியில் கல்யாணம் நடந்தது.

ஏழு வருஷம் சந்தோஷமாகத்தான் போனது. ஆனால் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றப் போனதில்லை. ரயில் என்றால் படி, பஸ் என்றால் படி, கார் என்றால் ஒவ்வொரு இடத்திலும் யாராவது அவளைத் தூக்கி வைத்து, தூக்கி இறக்க வேண்டும். அவளுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். ஓய்வு பெற்ற மறுவாரம் அரங்கநாதன் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

"பஸ்ஸுன்னா ஊருக்கு ஊரு ஏறி எறங்கணும். கப்பல்ல ஒரே தடவ ஏறுனா போதும், சிந்தாமணி. வூடு, ஓட்டலு எல்லாம் நம்ம கூடவே வரும்."

அதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

பெரம்பலூரில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரசாத் என்ற இருபத்தாறு வயதுப் பையன் சுற்றுலா ஆபீஸ் போட்டிருந்தான். சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் கப்பலுக்கு முதல் முதலாக ஒரு குழு சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் அடித்திருந்த நோட்டீசில், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணம் உண்டு, அது சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்று ஒரு வரி இருந்தது. சிந்தாமணி அந்த வரியில் விரலை வைத்தாள். ஏற்றது என்றால் எப்படி ஏற்றது, எந்த வண்டி, அதற்கு எத்தனை படி, சாய்தளம் யார் கொண்டு வருவார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். கொழும்பிலிருந்து சாய்தளம் வைத்த வேன் வரும் என்றான் பிரசாத். வராவிட்டால் என்றாள் அவள். வரும் அக்கா என்றான் அவன். முப்பது வருஷம் பத்திரம் எழுதியவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவனிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, சொன்ன வேன் வராத பட்சத்தில், நாற்காலி தன் சக்கரத்தின் மேலேயே உருண்டு ஏறக்கூடிய வேறு வாகனத்தை எழுதிக் கொடுப்பவர் தன் பொறுப்பில் அமர்த்தித் தர வேண்டியது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் டீ கொண்டு வந்தவரும் சாட்சி.

கையெழுத்துப் போட்ட பிரசாத், நிலம் வாங்கிய மாதிரி இருக்கிறது என்றான்.

குழுவில் மொத்தம் இருபத்தேழு பேர். நாற்காலியில் வந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் பாடாலூர் அய்யாக்கண்ணு. எழுபது வயது, பருத்தி விவசாயி. சர்க்கரையால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மகன் அசோக் டிக்கெட் எடுத்து, பிரசாத்திடம் ஒப்படைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டான். சென்னைத் துறைமுகம் வரும் வரையில் அந்தக் கோபத்தில் அவர் யாரிடமும் பேசவில்லை.

கப்பலில் ஏறும் பாதை சாய்வாக, அகலமாக இருந்தது. சிந்தாமணி தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறினாள். உள்ளே போனால் எங்கும் நிலைப்படி இல்லை. அறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும்கூட நாற்காலியோடு போக முடிந்தது. லிப்ட் ஒவ்வொன்றும் அவள் கடையைவிடப் பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று அரங்கநாதனிடம் சொல்லிவிட்டுப் போனவள் தொலைந்து போனாள்.

அவள் வாழ்க்கையில் அதுவரை தொலைந்ததே இல்லை. எங்கே போனாலும் பின்னால் ஒருவர் இருப்பார். பிறகு எப்படித் தொலைவது? ஒரே மாதிரி இருந்த நீளமான நடைபாதைகளில் வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், கிடைத்த லிப்டில் ஏறி தோன்றிய எண்ணை அழுத்தினாள். ஒரு மாடியில் கல்யாண மண்டபம் மாதிரி சாப்பாட்டுக்கூடம். இன்னொன்றில் ஆட்டம் பாட்டம். மூன்றாவதில் கதவு திறந்ததும் காற்றும் வெயிலும், கண் எட்டுமட்டும் கடலும். அரங்கநாதன் ஒன்றரை மணி நேரம் தேடி, வியர்த்து வழிந்து, மேல் தளத்தில் அவளைக் கண்டுபிடித்தார். அவள் இரண்டாவது ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தொலைஞ்சு போயிட்டேங்க," என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை சொல்வது போல இருந்தது.

அந்த மேல் தளத்தில்தான் அய்யாக்கண்ணுவும் இருந்தார். பிரசாத் அவரைக் கொண்டு வந்து கடலைப் பார்க்க வைத்துவிட்டுப் போயிருந்தான். அவர் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஏன் ஐயா இந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று சிந்தாமணி கேட்டதற்கு, அவ்வளவு தண்ணீர் இருந்து ஒரு வயலுக்கும் பாயவில்லை, அதை எதற்குப் பார்ப்பது என்றார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

மறுநாள் முழுக்கக் கடல். அதற்கடுத்த நாள் காலை எட்டரைக்கு, பச்சை மலைகளுக்கு நடுவே நுழைந்து, கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் கட்டியது. மதியம் இரண்டரைக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கோயில், வெந்நீர்க் கிணறு, கடற்கரை என்று பட்டியல் போட்டு, பிரசாத் உற்சாகமாக எல்லாரையும் கீழே அழைத்துப் போனான்.

கீழே பஸ் நின்றது. குளிர்சாதன பஸ், புத்தம் புதியது, பளபளப்பாக இருந்தது. அதற்கு மூன்று படி.

வேன் எங்கே என்று பிரசாத் கேட்டான். வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். அதனால் என்ன, இரண்டு பேரையும் நாங்களே தூக்கி உட்கார வைத்துவிடுகிறோம் என்று பஸ் டிரைவரும் அவர் உதவியாளரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். உதவியாளர் குனிந்து சிந்தாமணியின் கை இடுக்கில் கையைக் கொடுக்கப் போனார்.

"வேணாங்க," என்றாள் அவள். "தூக்கிட்டுப் போற சவாரின்னா எனக்கு ஜெயங்கொண்டத்துலயே நெறைய கெடைக்கும். அதுக்குக் கடல் தாண்டி வரல."

அய்யாக்கண்ணு தன்னைக் கப்பலுக்கே திருப்பிக் கொண்டு விடச் சொன்னார். முதலிலிருந்தே இப்படித்தான் ஆகும் என்று தெரியும் என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்த மாதிரிகூடத் தெரிந்தது. பஸ்ஸில் ஏறியிருந்த இருபத்து நான்கு பேரும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரசாத்தின் கண் கலங்கிவிட்டது. சிந்தாமணி கைப்பையைத் திறந்ததும், அந்தப் பேப்பரை மட்டும் எடுக்காதீர்கள் அக்கா என்று கெஞ்சினான்.

"உன்னக் கோர்ட்டுக்கு இழுக்க எடுக்கலடா. நீ என்ன செய்யணும்னு இதுல எழுதியிருக்கு. நீயே படி."

அவன் படித்தான். நாற்காலி தன் சக்கரத்தின் மேலேயே உருண்டு ஏறக்கூடிய வேறு வாகனம். எந்த வாகனம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அரங்கநாதன் முன்னால் வந்தார். பஸ் போகட்டும், இவர்கள் இரண்டு பேரும் நாம் இரண்டு பேருமாக வெளியே போய் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்போம் என்றார். அய்யாக்கண்ணுவின் நாற்காலியைப் பிரசாத் பிடித்துக்கொண்டான். அவர் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

துறைமுக வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மீன் இறக்கும் இடம் இருந்தது. அங்கே, இரண்டு சக்கர உழவு எந்திரத்தின் பின்னால் பெட்டி கட்டிய வண்டி ஒன்று நின்றது. பெட்டியின் பின்கதவு திறந்து தொங்கியது. அதிலிருந்து தரை வரைக்கும் அகலமான பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். ஐஸ் நிரப்பிய பீப்பாய் ஒன்றை ஒரு பெண் அந்தப் பலகையில் உருட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, பாவாடையை இழுத்துச் செருகியிருந்தாள்.

சிந்தாமணி பலகையைத்தான் முதலில் பார்த்தாள். நாற்காலியை நேராக அதன் அடிக்கு ஓட்டிப்போய் நின்று, இதில் பீப்பாய் மட்டும்தான் ஏறுமா, ஆட்களும் ஏறலாமா என்று கேட்டாள்.

அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "ஓம், ஏத்த ஏலும்," என்று தலையை ஆட்டினாள். "ஆனா மீன் மணக்கும்."

அவள் பெயர் யோகேஸ்வரி. கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் போன பிறகு, அவன் ஓட்டிய வண்டியை அவளே ஓட்டுகிறாளாம். அந்த ஊரில் அதற்கு லேண்ட்மாஸ்டர் என்று பெயர். காலை வேலை முடிந்துவிட்டது, இரண்டு மணி வரைக்கும் சும்மாதான் இருக்கிறேன் என்றாள். கூலியைப் பிரசாத் அவளிடம் பேசி முடித்தான். அவள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பெட்டியைக் கழுவிவிட்டாள். பிறகும் மீன் மணந்தது.

சிந்தாமணி நாலடி பின்னால் போய், ஒரே மூச்சில் சக்கரத்தை உருட்டிப் பலகையில் ஏறினாள். அரங்கநாதன் கீழே கையை விரித்துக்கொண்டு நின்றார். தேவைப்படவில்லை. பெட்டிக்குள் போய் அவள் நாற்காலியைத் திருப்பியபோது, மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அய்யாக்கண்ணு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண் எந்திரத்தின் மேல்தான் இருந்தது.

"இது நம்மூரு பவர் டில்லர்தான. எத்தன குதிர?" என்று யோகேஸ்வரியிடம் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பெல்ட் தொய்வாக இருக்கிறது, இறுக்க வேண்டும் என்றார். தெரியும், நேரம் கிடைக்கவில்லை என்றாள் அவள். ஸ்பேனர் எங்கே என்று கேட்டு வாங்கி, நாற்காலியிலிருந்தே எட்டிக் குனிந்து, ஐந்து நிமிஷத்தில் பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அரங்கநாதன் இரண்டு நாற்காலிகளையும் கயிற்றால் பெட்டியோடு கட்டினார். பஸ்ஸின் மேல் மூட்டை கட்டுகிற முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. வண்டி கிளம்பியது. கிளம்பியதும் அவர்களுடைய எலும்புகளெல்லாம் கிடுகிடுவென்று ஆடின. பல் தந்தியடித்தது. சிந்தாமணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பும் வண்டியோடு சேர்ந்து குலுங்கி விட்டு விட்டு வந்தது. அதைக் கேட்டுப் பிரசாத்துக்கும் சிரிப்பு வந்தது.

பஸ்ஸில் போயிருந்தால் கண்ணாடி வழியாகத்தான் ஊரைப் பார்த்திருப்பார்கள். இங்கே நாலு பக்கமும் திறந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையசைத்தார்கள். ஊருக்கு நடுவில் மான்கள் மாடு மாதிரி திரிந்துகொண்டிருந்தன. ஒரு புள்ளிமான் சாலையை மறித்து நின்றது. யோகேஸ்வரி வண்டியை நிறுத்த, அது பெட்டிக்குள் தலையை நீட்டி, அய்யாக்கண்ணுவின் துண்டின் நுனியைக் கடித்து இழுத்தது. அவர் விடவில்லை. அதுவும் விடவில்லை. கடைசியில் பாதித் துண்டு அவருக்கும் பாதி மானுக்கும் ஆயிற்று. பாடாலூரில் சொன்னால் ஒருவனும் நம்ப மாட்டான், போட்டோ எடு என்று பிரசாத்தை விரட்டினார்.

கோயில் மலைக்குப் போகும் வழியில் அவர்களுடைய பஸ் எதிரே வந்தது. இருபத்து நான்கு முகங்களும் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டன. அரங்கநாதன் அதுவரை மனைவியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடக்கமாகத்தான் நின்றிருந்தார். முப்பத்து மூன்று வருஷம் ஸ்டீரிங் பிடித்தவர் அவர். விசில் ஊதுவது எப்போதும் கண்டக்டர்தான். இப்போது அவர் இரண்டு விரலை வாயில் வைத்து, துறைமுகம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.

"உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் எல்லாம் ஏறு," என்று பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

சிந்தாமணி முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

கோயிலுக்குப் படி உண்டு என்று யோகேஸ்வரி முன்பே சொல்லிவிட்டாள். கோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்த, பெட்டியில் இருந்தபடியே கும்பிட்டார்கள். பிறகு, கடல் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். நாற்காலி மணலில் புதையுமே என்றாள் சிந்தாமணி. கடற்கரைக்குப் போன இரண்டு தடவையும், சென்னையிலும் தரங்கம்பாடியிலும், சாலை ஓரத்தில் உட்கார்ந்து, தூரத்தில் நீலக் கோடு தெரிவதைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

யோகேஸ்வரி வண்டியைக் கிளப்பினாள். உப்புவெளிக் கடற்கரையில், படகு இறக்கும் வழியாக வண்டியை நேரே மணலுக்குள் விட்டாள். தண்ணீர் நனைத்து இறுகியிருந்த ஓரத்தில் வளைத்துத் திருப்பி, பின்பக்கமாகவே கடலுக்குள் இறக்கினாள். பெட்டியின் சக்கரங்கள் பாதி முழுகியதும் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்தாள். பலகையின் மறுமுனை தண்ணீருக்குள் இருந்தது. அலையே இல்லாத கடல். குளத்தைப் போலத் தெளிந்து கிடந்தது.

"இறங்குங்கோ அக்கா. நான் பிடிக்கிறன்," என்றாள்.

சிந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு நாற்காலியிலிருந்து பெட்டித் தரைக்கு இறங்கினாள், பலகைக்கு நகர்ந்தாள், இரண்டு கையையும் ஊன்றி ஊன்றிச் சறுக்கிக்கொண்டு போனாள். தண்ணீர் பாதத்தைத் தொட்டது. முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. யோகேஸ்வரி இரண்டு காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்து அவள் கைகளுக்கு அடியில் கொடுத்தாள். அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அவள் கையைப் பிடித்தார்.

பலகை முடிந்தது. அவள் மிதந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. அவளுடைய கால்கள் தாமாக மேலே வந்தன. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் கையால் தூக்கி வைத்தாலொழிய நகராத கால்கள், அவளைக் கேட்காமலே எழும்பி, தண்ணீருக்கு மேல் வந்து, பத்து விரலையும் வெயிலில் காட்டின. சின்ன அலை ஒன்று வந்தபோது இரண்டும் சேர்ந்து ஆடின. அவள் அவற்றை வேறு யாருடையவோ போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, பாருங்க," என்றாள் மெதுவாக. "அதுங்களே ஆடுதுங்க."

அரங்கநாதன் பார்த்தார்.  தலையை மட்டும் ஆட்டினார். அவள் இடது பக்கம் கையால் தண்ணீரைத் தள்ளினாள், வட்டமாகச் சுற்றினாள். வலது பக்கம் தள்ளினாள், மறுபடியும் சுற்றினாள். கை பலம் எல்லாம் அங்கே செல்லுபடியானது. கொஞ்ச நேரத்தில் அவர் கையை உதறிவிட்டு, கேன்களோடு பத்தடி தூரம் போய்த் திரும்பி வந்தாள். திரும்பி வந்து அவர் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள். மூக்கில் உப்பேறி அவர் தும்மிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் குளிக்கிறீங்க. என்னையும் எறக்கி வுடறது."

அய்யாக்கண்ணு சட்டையைக் கழற்றி, பாதித் துண்டைத் தலையில் கட்டித் தயாராக இருந்தார். பிரசாத்தும் யோகேஸ்வரியும் பிடிக்க, அவரும் பலகையில் சறுக்கி வந்தார். அவருக்கு நீச்சல் தெரியும். ஊர்க் கிணற்றில் நாற்பது வருஷம் குதித்தவர். மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். மல்லாந்து படுத்ததும் உடம்பு தானாக நினைவுக்குக் கொண்டு வந்தது. ஒரு கால் இல்லாதது அங்கே ஒரு குறையாகவே தெரியவில்லை. வயிற்றை மேலே காட்டிக்கொண்டு போனார், வந்தார். இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று இனிமேல் அவர் யாரிடமும் கேட்க முடியாது.

ஒன்றேகால் மணிக்குப் பிரசாத் கைபேசியைப் பார்த்துவிட்டு அலறினான். ஆளாளுக்கு ஏறி, நாற்காலிகளைக் கட்டி, யோகேஸ்வரி எந்திரத்தைக் கிளப்பினாள். வண்டி நகரவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றதில் சக்கரங்கள் மணலுக்குள் நன்றாக உட்கார்ந்திருந்தன. முடுக்க முடுக்க இன்னும் இறங்கின.

பாரம் குறைய வேண்டும் என்று எல்லாரும் மறுபடி இறங்கினார்கள். கரையில் கொஞ்சம் தள்ளி ஏழெட்டுப் பேர் வலை இழுத்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யோகேஸ்வரி ஒரு குரல் கொடுத்ததும் வடத்தோடு வந்தார்கள். வடத்தை எந்திரத்தின் முன்னால் கட்டி இழுத்தார்கள். அசைந்தது, மறுபடி உட்கார்ந்தது. இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்றார் ஒருவர்.

ஈர மணலில் உட்கார்ந்திருந்த சிந்தாமணி வடத்தின் கடைசி நுனியைத் தரச் சொன்னாள். அவர்கள் தயங்கினார்கள். அரங்கநாதன்தான், கொடுங்கள், அவளுடைய கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்றார். அவள் வடத்தை இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் அய்யாக்கண்ணு பிடித்தார். வலைக்காரர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். வார்த்தை தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவது இழுப்பில் மணல் பெரிய சத்தத்தோடு விட்டது. வண்டி முன்னே பாய, வடம் தொய்ய, இழுத்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்தார்கள். சிந்தாமணி அய்யாக்கண்ணுவின் மேல் விழுந்தாள். மன்னிக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்.

லேண்ட்மாஸ்டர் எவ்வளவு முடுக்கினாலும் வேகம் பிடிக்காத வண்டி. சைக்கிள்காரர்கள் அவர்களை முந்திக்கொண்டு போனார்கள். தூரத்தில் கப்பலின் ஊதுகுழல் ஒரு தடவை ஒலித்தது. அரங்கநாதன் தன்னை அறியாமல் வலது காலால் பெட்டித் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். வாசலுக்கு வந்தபோது இரண்டு இருபது. உள்ளே லேண்ட்மாஸ்டருக்கு அனுமதி இல்லை. பலகையில் உருண்டு இறங்கிய சிந்தாமணி, யோகேஸ்வரியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.  போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு சக்கரத்தைத் தள்ளிப் பறந்தாள். அய்யாக்கண்ணுவைத் தள்ளிக்கொண்டு பிரசாத் ஓட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரங்கநாதன் பின்னால் ஓடினார்.

ஏறும் பாதையில் நின்ற சீருடைக்காரர், மணலும் உப்பும் மீன் வாடையுமாக வந்த நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் சக்கர நாற்காலிச் சுற்றுலா என்றாள் சிந்தாமணி. அவர் ஒதுங்கி வழி விட்டார்.

சாயங்காலம் மேல் தளத்தில் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் வெந்நீர்க் கிணற்றில் கூட்டத்தில் நின்று இரண்டு வாளி ஊற்றிக்கொண்டதோடு சரி. அந்த டிராக்டருக்கு எங்கே பணம் கட்ட வேண்டும், எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று பிரசாத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஒரு மூலைக்குப் போய் யோகேஸ்வரிக்குப் போன் போட்டு, பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைக்க முடியுமா, அடுத்த மாசம் ஒரு குழு வந்தால் ஏற்றிக்கொள்வாளா என்று கேட்டான். அவள் ஓம் என்றாள்.

அய்யாக்கண்ணு பிரசாத்தின் கைபேசியைப் பிடுங்கி மகனை அழைத்தார். கடலில் குளித்தேன் என்று மட்டும்தான் முதலில் சொன்னார். அந்தப் பக்கம் அசோக் பதறிப்போய், கப்பலிலிருந்து விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"வுழல. எறங்குனேன்," என்றார் அவர். பிறகு மானிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் சொன்னார். இந்த முறை அவர் நாற்காலி கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சிந்தாமணி தலை குளிக்கவில்லை. நாளைக்குக் குளித்துக்கொள்ளலாம் என்றாள். முடிக்குள் மணல் நறநறத்தது. அவ்வப்போது விரலை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அரங்கநாதன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம், கணுக்காலுக்கு மேல் இன்றைக்குத்தான் இறங்கினேன் என்றார்.

"அப்ப என் கையப் புடிச்சிருந்தீங்களே?"

"நான் எங்க புடிச்சேன். நீ புடிச்சிருந்த."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தமானுக்கும் கப்பல் போகிறதாமே, அங்கே கடல் இதைவிட ஆழமாமே என்று கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அய்யாக்கண்ணு போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தன் பேரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.